சஸ்பென்ஸ் அக்கவுண்ட்

ஆர்தர் சி. கிளார்க் ஒரு தடவை இலங்கையைத் தூக்கி 800 கிலோமீட்டர் தெற்கே வைத்தார்.

1979-ல் வந்த 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' நாவலில். பூமியிலிருந்து விண்வெளிக்கு லிஃப்ட் போடுகிற கதை. அந்த லிஃப்டின் அடிவாரம் பூமத்திய ரேகை மேல் இருந்தால்தான் இயற்பியல் ஒத்துழைக்கும். இலங்கையோ ரேகைக்கு வடக்கே தள்ளி இருக்கிறது. கிளார்க் 1956-லிருந்து இலங்கைவாசி. வேறு ஊரில் லிஃப்ட் போட மனசு வரவில்லை போலிருக்கிறது, தீவையே நகர்த்திவிட்டார். பெயரைத் தாப்ரபேன் என்று மாற்றினார். கதையில் வருகிற புனித மலையின் உயரத்தை இரண்டு மடங்காக்கினார். எல்லாம் முடிந்த பிறகு, பின்னுரையில் இன்னின்ன தில்லுமுல்லு செய்திருக்கிறேன் என்று ஒழுங்காகச் சொல்லியும் விட்டார். படித்தவர்கள் யாரும் சண்டைக்குப் போனதாகத் தெரியவில்லை.

அதே கிளார்க்கை வாசகர்கள் வேறு ஒரு விஷயத்தில் விடவில்லை. '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' 1968-ல் சினிமாவாகவும் நாவலாகவும் வந்தது. ஸ்டான்லி குப்ரிக் படம் எடுக்க எடுக்க, கிளார்க் நாவல் எழுதினார். நாவலில் விண்கலம் சனி கிரகத்துக்குப் போகிறது. படத்தில் வியாழனோடு நின்றுவிடுகிறது. சனியின் வளையத்தைத் திரையில் நம்பும்படி காட்ட முடியவில்லை என்பதுதான் காரணம். 1982-ல் கிளார்க் இரண்டாம் பாகம் எழுத உட்கார்ந்தபோது தலைவலி ஆரம்பித்தது. தன் நாவலுக்குத் தொடர்ச்சி எழுதுவதா, அல்லது படத்துக்கா? படத்தின் பக்கம் சாய்ந்தார். அதாவது தன் சொந்தப் புத்தகத்தின் சனியை ரத்து செய்துவிட்டு வியாழனில் கதையைத் தொடர்ந்தார். இதற்கும் முன்னுரையில் விளக்கம் கொடுத்தார். ஆனாலும் இன்றுவரை அறிவியல் கதை ரசிகர்கள் கூடும் இடத்தில் 'சனியா, வியாழனா' என்று ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும்.

ஒரு தீவை நகர்த்தினால் பரவாயில்லை, கிரகத்தை மாற்றினால் கோபம். ஏன்?

அடியேன் பி.காம். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். முதல் பக்கத்தில் நீங்கள் எந்தத் தொகையை வேண்டுமானாலும் மூலதனம் என்று எழுதலாம். இலங்கையை நகர்த்துவது அந்த வகை. அதை ஒப்புக்கொண்டுதான் வாசகன் உள்ளே வருகிறான். ஆனால் மார்ச் 31-ல் என்ன பாக்கியோடு புத்தகத்தை மூடினீர்களோ, அதே பாக்கியோடுதான் ஏப்ரல் 1-ல் திறக்க வேண்டும். க்ளோசிங் பேலன்ஸ்தான் ஓப்பனிங் பேலன்ஸ். இங்கே ஒரு ரூபாய் உதைத்தாலும் ஆடிட்டர் பேனாவைக் கீழே வைக்கமாட்டார். வாசகனும் ஆடிட்டர்தான். சம்பளம் வாங்காத ஆடிட்டர். அதனால் இன்னும் பொல்லாதவன்.

சினிமாவை ஒட்டி எழுதப்படும் அறிவியல் நாவல்கள் இந்தத் தணிக்கையில்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கின்றன. எழுதுகிறவருக்கு அடுத்த படத்தில் என்ன வரும் என்று தெரியாது. 'ஸ்டார் வார்ஸ்' முதல் படம் வந்த மறு வருஷம், 1978-ல், ஆலன் டீன் ஃபாஸ்டர் ஒரு தொடர்ச்சி நாவல் எழுதினார். கதாநாயகன் லூக்கும் இளவரசி லேயாவும் ஒருவர் மேல் ஒருவர் மெல்லச் சாய்கிற மாதிரி எழுதினார். அன்றைக்கு எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். 1983-ல் மூன்றாவது படம் வந்தது. இருவரும் இரட்டைப் பிள்ளைகளாம், அண்ணன் தங்கை! ஃபாஸ்டர் பாவம், என்ன செய்வார்? பிறகு அந்த உலகத்தை வைத்துப் பல பேர் நூற்றுக்கணக்கில் நாவல் எழுதிக் குவித்தார்கள். கம்பெனி 2012-ல் டிஸ்னி கைக்குப் போனது. 2014-ல் அத்தனை நாவலும் 'லெஜண்ட்ஸ்', அதாவது கட்டுக்கதை என்று ஒரு முத்திரை குத்தி அலமாரியில் ஏற்றிவிட்டார்கள். கற்பனைக் கதையைக் கற்பனை என்று அறிவித்ததற்கே ரசிகர்கள் அழுதார்கள் என்றால் பாருங்கள்.

நம்மிடம் இந்த வகை இல்லையா? உண்டு. சுஜாதாவின் 'விக்ரம்'. 1986-ல் கமல்ஹாசனும் அவரும் சேர்ந்து படத்துக்குத் திரைக்கதை எழுத, இன்னொரு பக்கம் குமுதத்தில் அதே கதை தொடராக ஓடியது. திருடு போகும் ஏவுகணைக்கு 'அக்னிபுத்திரன்' என்று பெயர். மூன்று வருஷம் கழித்து, 1989 மே மாதம், நிஜமான 'அக்னி' ஏவுகணை ஒடிஷா கடற்கரையிலிருந்து முதல் தடவை கிளம்பியது. அந்த வகையில் சுஜாதாவின் கணிப்புக்குப் பழுதில்லை. பழுது வேறு இடத்தில். படத்தின் முதல் பாதியில் கம்ப்யூட்டர், ஏவுகணை, உளவுத்துறை. இரண்டாம் பாதியில் சலாமியா என்று ஒரு தேசம், ராஜா, இளவரசி, மொழிபெயர்க்க ஜனகராஜ். அந்தத் தேசத்தை அங்கே வைத்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை. முதல் பாதி நமக்கு எந்த உலகத்துக்கு டிக்கெட் கொடுத்ததோ, அந்த உலகத்தில் அது இல்லை என்பதுதான் சங்கடம். இடைவேளையில் முறுக்கு வாங்கப் போய்த் திரும்பினால் பக்கத்துத் தியேட்டருக்குள் நுழைந்துவிட்ட மாதிரி இருக்கும்.

போகட்டும். இந்தத் தொடர்ச்சிக் கணக்கில் தமிழில் நடந்த ஆகப் பெரிய சாகசம் அறிவியல் கதையில் நடக்கவில்லை. மாமல்லபுரக் கடற்கரையில் நடந்தது. சரித்திரக் கதையில் நடந்தது. இரண்டும் ஒன்றுவிட்ட சகோதரர்கள்தான் என்பது என் கட்சி. ஏழாம் நூற்றாண்டுக் காஞ்சியையும் சரி, இருபத்திரண்டாம் நூற்றாண்டுச் செவ்வாயையும் சரி, நேரில் பார்த்த ஆள் யாரும் நம் தெருவில் இல்லை. எழுத்தாளர் கட்டிக் காட்டுகிற உலகத்தில்தான் நாம் குடியிருக்க வேண்டும். அதனால் விதியும் ஒன்றுதான்.

கல்கி எழுதிய பல்லவர் கதைகள் இரண்டு. 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்'. கதைக் காலத்தின்படி சிவகாமி முந்தியவள். மகேந்திரவர்மர், அவர் மகன் மாமல்லன் என்கிற நரசிம்மவர்மர், காஞ்சி முற்றுகை, 642-ல் வாதாபியின் அழிவு, இதெல்லாம் அதில். பார்த்திபன் கனவு அதற்குப் பின்னால் நடப்பது. அதில் நரசிம்மவர்மர் வாதாபியை வென்று முடித்த சக்கரவர்த்தி. வயசுக்கு வந்த மகள் குந்தவி இருக்கிறாள்.

ஆனால் எழுதிய வரிசை தலைகீழ். கல்கி பத்திரிகை 1941-ல் தொடங்கியது. பார்த்திபன் கனவு அதில் 1941-லிருந்து 43 வரை வந்தது. சிவகாமியின் சபதம் 1944-லிருந்து 46 வரை. அதாவது அடுத்த வருஷக் கணக்கை முதலில் எழுதி, ஊர் பூராவும் அச்சடித்து விநியோகித்துவிட்டு, பிறகு உட்கார்ந்து போன வருஷக் கணக்கை எழுதுகிறார். முடிகிற தொகை ஏற்கெனவே தெரிந்த தொகை. அந்தத் தொகையில் கொண்டுபோய் நிறுத்தியாக வேண்டும். பைசா குறையக் கூடாது, கூடவும் கூடாது.

சிவகாமியின் கதை மாமல்லபுரத்துக் கடற்கரையில் ரசிகமணி டி.கே.சி.யோடு உட்கார்ந்திருந்தபோது மனசில் விழுந்தது என்று கல்கியே முன்னுரையில் எழுதியிருக்கிறார். எழுதி முடிக்கப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்றாம். ஆக விதை பார்த்திபனுக்கு முந்தியது. அதனால் இதில் என்ன சாகசம், கதை மொத்தமும் தலையில் இருந்திருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். ஆனால் தலையில் இருக்கிற கதையை ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிக்கொள்ளலாம். அச்சில் ஏறி, ஆயிரக்கணக்கான வீடுகளில் பரணுக்குப் போய்விட்ட கதையை மாற்ற முடியாது. அந்தக் காலத்து வீடுகளில் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைப்பார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஆவணக் காப்பகம். 1944-ல் சிவகாமியை வாராவாரம் படித்தவர்களில் எத்தனையோ பேர் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்திபன் பைண்டு இருந்திருக்கும்.

அந்த பைண்டு கல்கிக்கு என்னென்ன நிபந்தனை போட்டது?

நரசிம்மவர்மர் வேஷம் போடுவதில் மன்னர். பார்த்திபன் கனவு முழுக்க ஒரு சிவனடியார் தாடியும் ஜடையுமாக நடமாடுகிறார். போர்க்களத்தில் சாகக் கிடக்கும் பார்த்திப மகாராஜாவுக்கு, உன் மகன் விக்கிரமனை வீரனாக வளர்ப்பேன் என்று வாக்குக் கொடுக்கிறார். அவர் யார் என்பது கடைசியில் தெரிகிறது: பார்த்திபனைத் தோற்கடித்த அதே சக்கரவர்த்தி. எண்பது வருஷம் ஆகிவிட்டது, ரகசியத்தை உடைத்ததற்கு யாரும் என் மேல் கேஸ் போட முடியாது. இந்தப் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது? சிவகாமியின் சபதத்தில் அப்பா மகேந்திரவர்மரை வஜ்ரபாகு என்ற பெயரில் வேஷம் கட்ட வைத்தார் கல்கி. பிள்ளையின் குணத்துக்கு அப்பாவிடம் பின்தேதி போட்டு வவுச்சர் தயார் செய்துவிட்டார். நிஜ மகேந்திரவர்மரும் இதற்குப் பொருத்தமான ஆசாமிதான். விசித்திரசித்தன் என்று பட்டம் வைத்துக்கொண்டவர், நாடகம் எழுதியவர், மலையைக் குடைந்தவர். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் வல்லம் குன்றில் அவர் காலத்துக் குடைவரை இருக்கிறது. மாமல்லபுரத்துக்குக் கார் எடுத்துப் போகிறவர்கள் பத்துப் பேரில் ஒருவர்கூட அங்கே இறங்குவதில்லை.

இரண்டாவது நிபந்தனை சிறுத்தொண்டர். பார்த்திபன் கனவில் அவர் வயசான சிவபக்தர். பழைய படைத்தலைவர் என்று தெரியும். வாதாபியை அழித்தவர் இப்படி வாளை வைத்துவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டது ஏன்? பெரியபுராணத்தில் பதில் உண்டு. கல்கியும் நமக்குப் பதில் கடன்பட்டிருந்தார். பரஞ்சோதி என்ற பட்டிக்காட்டுப் பையனைக் கையில் வேலோடு காஞ்சி நகரத்துக்குள் அனுப்பி, நாலு பாகம் நடத்தி, எரிகிற வாதாபியின் முன்னால் நிறுத்தி, அந்தக் கடனை வட்டியோடு அடைத்தார். சிவகாமியின் சபதத்தில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். பரஞ்சோதி மாறுவது எங்கேயும் இடிக்கவில்லை.

மூன்றாவதில் இடிக்கிறது. அதுதான் ஒற்றைக் கை.

பார்த்திபன் கனவின் வில்லன் ஒரு கபாலிகன். ஒரு கை இல்லாதவன். கடைசியில் சிறுத்தொண்டர் வந்து அவன் வேஷத்தைக் கலைக்கிறார். கபாலிகனும் இல்லை, ஒன்றும் இல்லை. சாளுக்கியப் புலிகேசியின் உடன்பிறந்த நீலகேசி. 1943 வாசகனுக்கு இது போதும். சபாஷ் என்று புத்தகத்தை மூடியிருப்பான். ஆனால் 1944-ல் கல்கி அந்த நீலகேசியின் இளமைக் கணக்கை எழுதியாக வேண்டும். நாகநந்தி பிக்ஷு பிறந்தார். தமிழ்த் தொடர்கதையில் அவருக்கு இணையான வில்லன் குறைவு. பாம்பு மாதிரி மூச்சு, கலை மேல் பித்து, சிவகாமி மேல் காதல் என்றும் வெறி என்றும் பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று. மூன்றாம் பாகத்துக்கே 'பிக்ஷுவின் காதல்' என்று தலைப்பு.

இப்போது வாதாபி எரிகிறது. தெருவில் ரத்தம் ஓடுகிறது. புலிகேசி முடிந்தான். இத்தனைக்கும் காரணமான நாகநந்தி, பரஞ்சோதியின் கையில் நேருக்கு நேர் சிக்குகிறார். நியாயமாக என்ன நடக்க வேண்டும்? தலை போக வேண்டும். கைதான் போகிறது. நாகநந்தி உயிரோடு நழுவுகிறார். ஒரு நகரத்தையே கொளுத்திய சேனாதிபதி, அந்த நகரத்திலேயே மிக ஆபத்தான ஆளை விட்டுவிடுகிறார்! கல்கி இதற்குக் காரணம் கற்பிக்காமல் இல்லை. எனக்கு அது போதவில்லை. பரஞ்சோதியின் கையைத் தடுத்தது கருணையோ நன்றியோ அல்ல. 1943-ல் அச்சான புத்தகம் தடுத்தது. அங்கே இந்த ஆள் வேலைக்கு வந்தாக வேண்டும், ஒரு கையோடு.

எங்கள் படிப்பில் ஒரு ஏற்பாடு உண்டு. டிரையல் பேலன்ஸ் இரண்டு பக்கமும் ஒத்துவரவில்லை, விடிய விடியத் தேடியும் தப்பு கிடைக்கவில்லை என்றால், அந்த வித்தியாசத்தை ஒரு தனித் தலைப்பில் தற்காலிகமாகப் போட்டு வைப்பார்கள். அதற்குப் பெயரே சஸ்பென்ஸ் அக்கவுண்ட். கல்கியின் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் நாகநந்தி. வாதாபி முடிந்து, கொல்லிமலைக் கபாலிகக் கூட்டத்தில் தலைவராக உட்காருவது வரை அந்த மனிதர் எங்கே போனார், யாரைப் பார்த்தார், புத்தரின் சீவரத்தைக் கழற்றி எறிந்த ராத்திரி எப்படி இருந்தது? இரண்டு புத்தகத்திலும் அதற்கு இடமில்லை. பழிவாங்கக் கட்டிய வேஷம் என்பதோடு சரி. சிற்பத்தைப் பார்த்து உருகிய மனிதன் மண்டையோட்டுக்கு வந்து சேர்ந்த கதை யாரும் எழுதாத நாவல். அது இருந்திருந்தால் நான் மூன்றாவது பைண்டும் வைத்திருப்பேன்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. நிஜ மகேந்திரவர்மர் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசனம்' நாடகத்தில், காஞ்சித் தெருவில் ஒரு குடிகாரக் கபாலிகன் தன் மண்டையோட்டைத் தொலைத்துவிட்டு, அந்த வழியே போகும் புத்த பிக்ஷு மேல் சந்தேகப்பட்டுச் சண்டை போடுகிறான். பிக்ஷுவின் பெயர் நாகசேனன். ஓட்டைத் தூக்கிப் போனது ஒரு நாய். ஆயிரத்து முந்நூறு வருஷம் கழித்துக் கல்கி அந்தக் கபாலிகனையும் பிக்ஷுவையும் ஒரே ஆளாக்கிவிட்டார். திட்டமிட்டாரா, தானாக அமைந்ததா, தெரியாது. கணக்கு சில சமயம் இப்படி அழகாகவும் தப்பும்.

சரி, நாலாவது நிபந்தனை. பெரிய நிபந்தனை.

குந்தவி.

பார்த்திபன் கனவில் நரசிம்மவர்மரின் செல்ல மகள் அவள். மகேந்திரன் என்று மகனும் உண்டு. சிவகாமி அவர்களுக்கு அம்மா இல்லை. இது அச்சில் ஏறிவிட்டது. இப்போது 1944-க்கு வாருங்கள். ஆயனச் சிற்பியின் மகள் நடனம் ஆடுகிறாள், இளவரசன் மாமல்லன் மயங்குகிறான். தாமரைக் குளக்கரையில் சந்திப்பு, பிரிவு, ஏக்கம். வாராவாரம் நம்பிக்கை வளர்கிறது. அவள் வாதாபிக்குச் சிறைப்பட்டுப் போகிறாள். இந்த நகரம் எரிகிற வரை வெளியே வரமாட்டேன் என்று சபதம் செய்கிறாள். அவன் வருவான், எரிப்பான், மீட்பான். பிறகு? பிறகு ஒன்றும் இல்லை. பாண்டியன் மகள் ஏற்கெனவே பட்டத்து ராணியாகிவிட்டாள். சிவகாமி திரும்பி வந்து பார்க்கிறபோது அவன் பக்கத்தில் மனைவி இருக்கிறாள், இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள். அதில் ஒன்று குந்தவி.

சாதாரணமாக ஒரு முன்கதையில் சுவாரசியம் குறையும் என்பார்கள். முடிவு தெரிந்துவிட்டதே! இந்தப் புத்தகத்தில் அது நேர்மாறாக வேலை செய்கிறது. பார்த்திபனைப் படித்தவன் முதல் பாகத்திலேயே ஒரு பாரத்தோடு உட்காருகிறான். சிவகாமி ஒவ்வொரு தடவை சிரிக்கும்போதும் அவனுக்குக் குந்தவி ஞாபகம் வருகிறது. அம்மா யார் என்று தெரிந்த குழந்தை, இன்னும் பிறக்கவில்லை, ஆனால் பரணில் இருக்கிறாள். மாமல்லனுக்குத் தெரியாதது நமக்குத் தெரியும். வேறு எந்தத் தொடர்கதையில் விதி என்கிற வார்த்தைக்கு இப்படி அட்டை போட்டு பைண்டு பண்ணிய வடிவம் இருந்தது? கடைசிப் பாகத்தின் தலைப்பு 'சிதைந்த கனவு'. தோற்றுப்போன பார்த்திபனின் கனவு அந்தப் புத்தகத்தில் பலிக்கிறது. ஜெயித்த மாமல்லனின் கனவு இந்தப் புத்தகத்தில் உடைகிறது. ஒருவர் மகள் இன்னொருவர் மகனைக் கட்டிக்கொண்டதுதான் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ரசீது.

இதனால்தான் எனக்குத் தொடர்ச்சி என்பதை வெறும் குமாஸ்தா வேலை என்று நினைக்கிறவர்களோடு ஒத்துப்போக முடிவதில்லை. எழுதியவனே மறந்தால், வாசகன் மட்டும் ஏன் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்? கல்கி தன் வாசகனின் ஞாபகத்தை மதித்தார். அந்த மரியாதையிலிருந்து ஒரு சோகம் கிடைத்தது.

எல்லாவற்றையும் மதித்தாரா என்றால், இல்லை. தூரக் கணக்கில் தாராளம். காஞ்சியிலிருந்து மாமல்லபுரம் சுமார் 65 கிலோமீட்டர். நல்ல குதிரை இருந்தால் ஒரே நாளில் போகலாம், ஒப்புக்கொள்கிறேன். (இன்றைக்குச் செங்கல்பட்டு வழியாக பஸ் மாறிப் போகிறவர்களுக்கு அந்தக் குதிரை மேல் பொறாமைகூட வரும்.) ஆனால் உறையூர்? காஞ்சியிலிருந்து கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். தினம் 50 என்று வைத்தாலும் போக ஆறு நாள், வர ஆறு நாள். சிவனடியார் நினைத்தபோதெல்லாம் காவிரிக் கரையில் நிற்கிறார். அந்த நாட்களில் காஞ்சியில் சக்கரவர்த்தியைத் தேடி வந்தவர்களுக்கு என்ன சொல்லி அனுப்பினார்கள்? ஒட்டுத் தாடியைப் பெற்ற மகளே கண்டுபிடிக்காதது வேறு. ஆனால் பாருங்கள், படிக்கும்போது இதெல்லாம் எனக்கு உறைப்பதில்லை. வேஷம் பலிக்கும் என்பது முதல் பக்கத்தில் எழுதிய மூலதனம். இலங்கையை நகர்த்திய மாதிரி. இரண்டு புத்தகத்திலும், எல்லோருக்கும், ஒரே மாதிரி பலிக்கிறது. நாகநந்தி தப்பித்தது மட்டும்தான் உறைக்கிறது. அது நடுவில் சேர்த்த வவுச்சர்.

சில தவறுகள் எழுத்தாளர் கணக்கில் சேராது. சிவகாமியின் சபதம் முழுக்க மாமல்லபுரத்தில் உளிச் சத்தம் கேட்கிறது. ஊரின் பெயரே மாமல்லனுடையது, ஆகவே பாறைக் கோயில்களும் அவன் காலத்தவை என்பது அன்றைய அறிஞர்கள் பலரின் துணிபு. கல்கி 1954-ல் காலமானார். 1962-ல் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி, அங்கே உள்ள கோயில்கள் எல்லாமே பின்னால் வந்த ராஜசிம்மன் படைப்புகள் என்று வாதாடினார். எல்லோரும் ஏற்கவில்லை, விவாதம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. நாகசாமி சொன்னதுதான் சரி என்று ஆனால், ஆயனர் செதுக்கிய பாறையெல்லாம் அரை நூற்றாண்டு முன்னால் நகர்ந்துவிட்ட பாறை. அதனால் என்ன? மாமல்லபுரத்தில் வழிகாட்டி ஒருவர், இதோ இந்த இடத்தில்தான் சிவகாமி ஆடினாள் என்று ஒரு வடநாட்டுக் குடும்பத்துக்குச் சத்தியம் செய்துகொண்டிருந்ததை நான் கேட்டிருக்கிறேன். சிவகாமி கல்கியின் கற்பனை என்று குறுக்கே புகுந்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கற்பனை ஊருக்குள் குடியேறிவிட்டால் யாரும் காலி செய்யச் சொல்ல முடியாது.

பிறர் எழுதிய தொடர்ச்சிகளும் நம்மிடம் உண்டு. பொன்னியின் செல்வனை விட்ட இடத்திலிருந்து எடுத்து விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். கல்கியின் எழுத்துகள் 1999-ல் நாட்டுடைமை ஆன பிறகு யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்றாயிற்று. மணிரத்னம் 2022-லும் 2023-லும் இரண்டு பாகமாகப் படம் எடுத்தபோது, நாவலில் அப்படி இல்லையே என்று தியேட்டர் வாசலிலேயே தணிக்கை நடத்திய மாமிகளைப் பார்த்தேன். அந்தப் பக்கம் கல்லூரிப் பையன்கள். லோகேஷ் கனகராஜ் 2019-ன் 'கைதி'யை 2022-ன் 'விக்ரம்' படத்தோடு முடிச்சுப் போட்டதும், கைதியில் வந்த கான்ஸ்டபிள் நெப்போலியன் 2023-ல் 'லியோ'வில் எட்டிப் பார்த்ததும், அவர்களுக்குத் தேதிவாரியாகத் தெரிகிறது. மாமியும் பையனும் ஒரே தொழில்தான் செய்கிறார்கள். பைண்டு மட்டும் மாறியிருக்கிறது.

என்னிடம் அடிக்கடி கேட்கப்படுகிற கேள்வி: இரண்டில் எதை முதலில் படிப்பது? பெரியவர்கள் பெரும்பாலும் கதை வரிசைப்படி சிவகாமியை முதலில் கொடுக்கிறார்கள். வேண்டாம். எழுதிய வரிசையில் படியுங்கள். பார்த்திபன் சின்னப் புத்தகம், ஒரு வாரத்தில் முடித்துவிடலாம்.

அதில் காட்டு வழியில் ஒரு பாழடைந்த சிற்பியின் வீடு வரும். விக்கிரமன் ராத்திரி தங்குகிறான். உள்ளே நடன நிலையில் சிலைகள். ஆயனர் என்று ஒரு சிற்பி இருந்தார், அவருக்குச் சிவகாமி என்று ஒரு பெண் இருந்தாள் என்று, கூட இருப்பவர் சுருக்கமாகச் சொல்கிறார். பின்னால் நாலு பாகமாக விரியப்போகிற கதை அங்கே கொஞ்சம் பேச்சோடு முடிந்துவிடுகிறது. வேகமாகப் புரட்டிப் போய்விடுவீர்கள். பரவாயில்லை, போங்கள். சிவகாமியின் சபதத்தையும் படித்து முடித்துவிட்டு, ஒரு நாள் சாவகாசமாகத் திரும்பி வந்து அந்த அத்தியாயத்தை மட்டும் மறுபடி எடுங்கள். அந்த வீட்டில் உட்கார்ந்து, யாரோ ஒருவர் கதையைச் சொல்கிற மாதிரி அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறவர் யார் என்று அப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.